தங்கம் இல்லாத நட்சத்திரம்: ஸ்டெஃபான் கிரெட்ஷ்மர் எப்படி ஜெர்மன் ஹேண்ட்பாலின் முகமானார்?

ஜெர்மனியில் ஹேண்ட்பால் மூலையில் கிடக்கிற விளையாட்டு இல்லை. சங்கங்களில் பதிவு செய்தவர்களே ஏழு லட்சத்துக்கும் மேல். உலகத்திலேயே பலமான உள்நாட்டு லீக் அங்கேதான் நடக்கிறது, கீல், ஃபிளென்ஸ்பர்க், மாக்டெபுர்க் மாதிரி ஊர்களில் வார இறுதி என்றாலே அரங்கம் நிரம்பிவிடும். ஆனாலும் கால்பந்து என்று ஒன்று பக்கத்தில் இருக்கும்போது மற்ற எல்லா விளையாட்டும் இரண்டாம் பந்திதான். தெருவில் போகிற சாதாரண ஜெர்மானியரை நிறுத்தி நாலு ஹேண்ட்பால் ஆட்டக்காரர் பெயர் சொல்லச் சொன்னால் பாதிப் பேர் திணறுவார்கள். ஆனால் 1990-களின் கடைசியிலிருந்து பல வருடம், ஹேண்ட்பாலே பார்க்காதவர்களுக்கும் ஒரு பெயர் தெரிந்திருந்தது: ஸ்டெஃபான் கிரெட்ஷ்மர். ரசிகர்களுக்கு 'கிரெட்ஷே'.

இதில் என்ன ஆச்சரியம் என்றால், நாட்டுக்காக 218 ஆட்டம் ஆடி 817 கோல் போட்ட இந்த மனிதர் உலகக் கோப்பையோ ஐரோப்பியக் கோப்பையோ ஒலிம்பிக் தங்கமோ ஒன்றுகூட வென்றதில்லை. அவர் காலத்தில் உலகின் சிறந்த ஆட்டக்காரர் பட்டம் இரண்டு ஜெர்மானியர்களுக்குக் கிடைத்தது, 1998-க்கு டேனியல் ஸ்டெஃபான், 2004-க்கு கோல்கீப்பர் ஹென்னிங் ஃப்ரிட்ஸ். அவருக்குக் கிடைக்கவில்லை. அப்படியிருந்தும் அந்த இருவரையும்விட ஊரறிந்த முகம் கிரெட்ஷ்மர்தான். ஏன்?

வழக்கமாகச் சொல்லப்படுகிற பதில், முடி. சாயம் பூசிய முடி, முகத்தில் வளையம், கை முழுக்கப் பச்சை குத்தல், அதனால் தொலைக்காட்சிக்குப் பிடித்துப்போனது என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். எனக்கு அது போதாது என்று தோன்றுகிறது. அவருக்குப் பிறகு பச்சை குத்திய ஆட்டக்காரர்கள் நூற்றுக்கணக்கில் வந்துவிட்டார்கள், ஒருத்தர் பெயரும் அப்படி நிலைக்கவில்லை. முதலில் அவர் ஆடிய ஆட்டம், அப்புறம் அவர் ஆடிய ஊர், அந்த ஊரின் காலம், எல்லோரும் பார்க்கத் தோற்ற தோல்விகள், மறைக்காமல் பேசுகிற வாய், இத்தனையும் சேர்ந்துதான் அந்தப் புகழ். ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

வீடு முழுக்க ஹேண்ட்பால்

1973 பிப்ரவரி 17, லைப்சிக். அப்போது அது கிழக்கு ஜெர்மனி. அம்மா வால்ட்ராவுட் கிரெட்ஷ்மர் சாதாரண ஆட்டக்காரர் இல்லை, 1971, 1975, 1978 என்று மூன்று முறை உலகச் சாம்பியன், 1976 மாண்ட்ரியால் ஒலிம்பிக்கில் வெள்ளி, 1980 மாஸ்கோவில் வெண்கலம். அப்பா பீட்டரும் ஆட்டக்காரர், பிறகு கிழக்கு ஜெர்மனிப் பெண்கள் அணியின் பயிற்சியாளர். சாப்பாட்டு மேசையிலும் ஹேண்ட்பால் பேச்சு ஓடுகிற வீடு. மகன் சாதித்ததை எல்லோரும் எழுதுகிறார்கள், ஆனால் அந்த வீட்டில் அதிகத் தங்கம் வென்றவர் அம்மாதான் என்பதை அடிக்கடி சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன். 2018-இல் அவர் காலமானார்.

பையன் பெர்லினுக்குப் போய் எஸ்சி டைனமோவில் சேர்ந்தார். டைனமோ என்பது காவல்துறையும் உளவுத்துறையும் நடத்திய விளையாட்டு அமைப்பு. பிள்ளைகளைச் சின்ன வயதிலேயே பொறுக்கி எடுத்து, விளையாட்டுப் பள்ளியில் போட்டு, ஒரு நாளைக்கு இத்தனை மணி நேரம் பயிற்சி என்று வார்த்து எடுக்கிற முறை. அந்த முறையின் கறுப்புப் பக்கம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் பந்தைக் கையாளும் அடிப்படையை அது கற்றுக்கொடுத்த அளவுக்கு வேறு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை.

1989 நவம்பரில் சுவர் விழுந்தபோது அவருக்கு வயது 16. யோசித்துப் பாருங்கள், ஒழுங்கு, வரிசை, கட்டளை என்று வளர்ந்த பிள்ளைக்கு ஒரே இரவில் மேற்கு பெர்லின் முழுக்கத் திறந்துகொள்கிறது, பங்க் இசை, பச்சை குத்தும் கடை, எதையும் கேட்காத நகரம். அவருடைய தோற்றத்தை விளம்பர நிறுவனம் எதுவும் உட்கார்ந்து வடிவமைக்கவில்லை. அந்த வயதில், அந்த நகரத்தில், அந்த வருடத்தில் இருந்த பல பிள்ளைகள் அப்படித்தான் இருந்தார்கள். அவர்களில் ஒருவர் இடது ஓரத்தில் பறந்து கோல் போடத் தெரிந்தவராகவும் இருந்தார்.

1991-இல் பெர்லினின் மேற்குப் பக்கம் இருந்த பிளாவ்-வைஸ் ஷ்பாண்டாவ், 1993-இல் கும்மர்ஸ்பாக். இந்த இரண்டாவது பெயர் முக்கியம். மலைப்பாங்கான பகுதியில் இருக்கிற சின்ன ஊர், ஆனால் ஜெர்மன் ஹேண்ட்பாலின் பழம்பெரும் கோட்டை. 1978-இல் மேற்கு ஜெர்மனி உலகச் சாம்பியன் ஆனபோது ஆடிய ஹைனர் பிராண்டும் யோவாகிம் டெக்கார்மும் அந்தச் சங்கத்துப் பிள்ளைகள். கிரெட்ஷ்மர் போன காலத்தில் கோட்டையில் விரிசல் விழ ஆரம்பித்திருந்தது, பெரிய பட்டம் எதுவும் வரவில்லை. ஆனாலும் 1994, 1995 என்று அடுத்தடுத்து இரண்டு வருடம் ஜெர்மனியின் சிறந்த ஹேண்ட்பால் ஆட்டக்காரராக அவரைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். அப்போது வயது 21, 22. கோப்பை இல்லாத அணியில் ஆடுகிற ஒரு ஓரத்து ஆட்டக்காரருக்கு இது கிடைப்பது அபூர்வம். முடியை வைத்துப் புகழ் வந்தது என்பவர்கள் இந்த இரண்டு வருடத்தை வசதியாக மறந்துவிடுகிறார்கள்.

இடது ஓரத்திலிருந்து ஒரு எறி

நம்மூரில் பள்ளிப் போட்டிகளில் ஹேண்ட்பால் பார்த்தவர்களுக்குத் தெரியும், தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக: 40 மீட்டர் நீளம், 20 மீட்டர் அகலம், பக்கத்துக்கு கோல்கீப்பரோடு சேர்த்து 7 பேர், அரைக்கு 30 நிமிடம். கோலுக்கு முன்னால் 6 மீட்டரில் ஒரு வளைவுக்கோடு, அதற்குள் கோல்கீப்பரைத் தவிர யாரும் கால் வைக்கக் கூடாது. ஆனால் கோட்டுக்கு வெளியே எம்பிக் குதித்து, காற்றில் இருக்கும்போதே பந்தை எறிந்துவிட்டு உள்ளே விழலாம். ஓரத்து ஆட்டக்காரரின் பிழைப்பு முழுக்க இந்த ஒரு விதியில்தான் இருக்கிறது.

இடது ஓரத்தில் நிற்பவருக்கு கோல் தெரிகிற கோணம் மிகக் குறுகல். கோல் 3 மீட்டர் அகலம், 2 மீட்டர் உயரம்தான், மூலையிலிருந்து பார்த்தால் ஒரு பிளவு அளவுக்குத்தான் தெரியும், அதையும் கோல்கீப்பர் முன்னால் நகர்ந்து அடைத்துவிடுவார். அதனால் ஆட்டக்காரர் ஓடிவந்து வளைவின் நடுப்பக்கம் நோக்கிக் குதிக்க வேண்டும். எவ்வளவு நேரம் காற்றில் நிற்கிறாரோ அவ்வளவு கோணம் திறக்கும். கோல்கீப்பரும் காத்திருப்பார், யார் முதலில் அசைகிறார்களோ அவர்கள் தோற்றார்கள். கிரெட்ஷ்மர் கையில் பந்து கடைசி நொடி வரை இருக்கும். கோல்கீப்பர் காலைத் தூக்கினால் காலுக்குக் கீழே, கையை விரித்து முன்னால் வந்தால் தலைக்கு மேல் மெல்லத் தூக்கி ஒரு போடு, இரண்டும் இல்லாவிட்டால் சுழல் எறி. அந்தச் சுழல் எறியைப் பக்கத்திலிருந்து பார்க்க வேண்டும்: மணிக்கட்டை ஒரு திருகு திருக, பந்து கோலுக்கு வெளியே போவதுபோலக் கிளம்பி, தரையில் ஒரு தட்டுத் தட்டி, உள்பக்கம் வெட்டித் திரும்பும். விரல்களில் பிசின் தடவி ஆடுவதால்தான் பந்தை அப்படிப் பிடித்துத் திருக முடிகிறது. 191 சென்டிமீட்டர் உயரம் ஓரத்து ஆட்டக்காரருக்குக் கொஞ்சம் அதிகம், அந்த நீளத்தோடு அவர் பறந்து விழுவது கண்ணில் நிற்கிற காட்சி.

இதைச் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. நடுவில் ஆடும் ஆட்டக்காரரின் புத்தி, ஆட்டம் தெரிந்தவருக்கே தெரியும். தடுப்பில் நிற்பவரின் உழைப்பைச் சக ஆட்டக்காரர்தான் மெச்சுவார். ஆனால் ஓரத்திலிருந்து பறந்து போடுகிற கோல் முதல்முறை பார்க்கிறவருக்கும் புரியும். எதிர்த்தாக்குதலில் தனியாக ஓடிப்போய்ப் போடுகிற கோலும் அவருடையதுதான். தொலைக்காட்சியில் ஐந்து நொடிக் காட்சி ஒன்று போட வேண்டும் என்றால் எதைப் போடுவார்கள்? முதுகில் 73 என்ற எண், அது அவர் பிறந்த வருடம், தலையில் அந்த வாரத்து நிறம். அடுத்த முறை பார்க்கும்போது யார் என்று கேட்கவே வேண்டாம்.

மாக்டெபுர்க், 1996

என்னைக் கேட்டால் இந்தக் கதையின் மையம் இங்கேதான்.

மாக்டெபுர்க் கனரக இயந்திரங்கள் செய்த ஊர். எஸ்கெட் என்ற பெரிய ஆலை, தலைமுறை தலைமுறையாக அதில் வேலை பார்த்த குடும்பங்கள். ஜெர்மனி ஒன்று சேர்ந்த பிறகு கிழக்கின் ஆலைகள் வரிசையாகச் சரிந்தன, எஸ்கெட் 1996-இல் திவாலானது. ஊரின் கால்பந்து அணி 1974-இல் ஏசி மிலானை வீழ்த்தி ஐரோப்பிய 'கோப்பை வென்றோர் கோப்பை'யை வாங்கிய அணி, அதுவும் கீழ்நிலை லீகுகளில் உருண்டு 2002-இல் திவால் வரை போனது. வேலை போச்சு, கால்பந்து போச்சு, இளைஞர்கள் மேற்கே கிளம்பிவிட்டார்கள். மிச்சம் நின்றது ஹேண்ட்பால். எஸ்சி மாக்டெபுர்க் கிழக்கு ஜெர்மனிக் காலத்திலேயே 1978, 1981 என்று இரண்டு முறை ஐரோப்பியச் சாம்பியன், ஒன்றுபட்ட நாட்டின் முதல்நிலை லீகான புண்டெஸ்லிகாவிலும் 1991 முதல் ஒரு வருடம்கூட விழாமல் நின்ற அணி.

எஸ்கெட் திவாலான அதே 1996-இல்தான் கிரெட்ஷ்மர் அங்கே போய்ச் சேர்ந்தார். மேற்கிலிருந்து கிழக்குக்கு. அந்தக் காலத்தில் ஆட்கள் போன திசைக்கு நேர் எதிர். இதை அவர் ஊர்ப் பற்றினால் மட்டும் செய்தார் என்று நான் சொல்ல வரவில்லை, நல்ல அணி, நல்ல ஒப்பந்தம், எல்லாம் இருந்திருக்கும். ஆனால் அந்த ஊர் மக்கள் அதை எப்படி எடுத்துக்கொண்டார்கள் என்பதுதான் விஷயம். நாட்டின் சிறந்த ஆட்டக்காரர் என்று பேர் எடுத்தவர் எங்களிடம் வந்திருக்கிறார், இங்கேயே இருக்கிறார். 2007-இல் ஓய்வு பெறும் வரை 11 வருடம் வேறு எங்கும் போகவில்லை.

1997-இல் பெரிய அரங்கம் ஒன்று திறந்தார்கள், பேர் பியோர்டெலாந்த் அரங்கம், ஏழாயிரத்துக்கும் மேல் ஆட்கள் கொள்ளும். 1999-இல் ஐரோப்பிய அளவிலான ஈஎச்எஃப் கோப்பை. அப்புறம் ஐஸ்லாந்துக்காரர் ஆல்ஃப்ரெட் கிஸ்லசன் பயிற்சியாளராக வந்தார், இன்றைக்கு ஜெர்மன் தேசிய அணியை நடத்துகிறாரே அவரேதான். அவர் கையில் கிடைத்தது ஒரு அபூர்வக் கூட்டம்: வலது பக்கத்தில் இன்னொரு ஐஸ்லாந்துக்காரர் ஓலாஃபுர் ஸ்டெஃபான்சன், இடது பின்களத்திலிருந்து குண்டு எறிகிற நெனாட் பெருனிசிச், பிரான்சிலிருந்து ஜோயல் அபாட்டி, கோலில் ஃப்ரிட்ஸ், இடது ஓரத்தில் கிரெட்ஷ்மர். 2001-இல் அவர்கள் புண்டெஸ்லிகா சாம்பியன் ஆனார்கள். நாடு ஒன்றான பிறகு கிழக்கிலிருந்து ஒரு ஆண்கள் அணி அந்தப் பட்டத்தை வெல்வது அதுவே முதல் தடவை. அதே பருவத்தில் ஈஎச்எஃப் கோப்பையும் வந்தது.

அடுத்த வருடம் இன்னும் பெரிது. சாம்பியன்ஸ் லீக் இறுதி, எதிரே ஹங்கேரியின் வெஸ்ப்ரெம். அப்போது இறுதி இரண்டு ஆட்டமாக நடக்கும். வெஸ்ப்ரெமில் 21-23 என்று தோற்று வந்தார்கள். சொந்த அரங்கில் மூன்று கோல் வித்தியாசத்திலாவது ஜெயித்தால் கோப்பை, 30-25 என்று முடித்தார்கள். சாம்பியன்ஸ் லீக் தொடங்கிய பிறகு அதை வென்ற முதல் ஜெர்மன் அணி மாக்டெபுர்க். கீல் இல்லை, கும்மர்ஸ்பாக் இல்லை, ஆலை மூடிப்போன ஊரின் அணி.

கிரெட்ஷ்மரின் புகழுக்கு இங்கே ஒரு தனி நிறம் சேர்ந்தது. பெர்லின் சுவர் விழுந்த பிறகு தொலைக்காட்சியில் கிழக்குக்காரர் என்றால் ஒன்று ஏழையாகக் காட்டுவார்கள், இல்லை குறை சொல்லிப் புலம்புகிறவராகக் காட்டுவார்கள். இவர் இரண்டும் இல்லை. தன் ஊரை மறைக்காமல், யாரிடமும் தாழ்ந்து போகாமல், கேமரா முன்னால் சிரித்துக்கொண்டு நின்றார். கிழக்கில் வளர்ந்த ஒரு தலைமுறைக்கு அது எவ்வளவு தேவைப்பட்டிருக்கும் என்பதை மேற்கு ஜெர்மன் பத்திரிகைகள் அப்போது சரியாகப் பிடிக்கவில்லை என்றே நினைக்கிறேன்.

வெள்ளி, வெள்ளி, வெள்ளி

தேசிய அணிக் கதை வேறு மாதிரி. 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் ஏழாம் இடம், 1997 உலகக் கோப்பைக்குத் தகுதிகூடப் பெறவில்லை. ஹைனர் பிராண்ட் பயிற்சியாளராகப் பொறுப்பேற்ற பிறகுதான் நிமிர ஆரம்பித்தார்கள், 1998 ஐரோப்பியப் போட்டியில் வெண்கலம்.

2000 சிட்னி, கால் இறுதி, ஸ்பெயின். ஸ்கோர் 26-26, ஆட்டம் முடிய இன்னும் சில நொடிதான். பந்து கிரெட்ஷ்மர் கைக்கு வருகிறது, எறிகிறார், குறுக்குக் கம்பத்தில் பட்டுத் திரும்புகிறது. திரும்பிய பந்தோடு ஸ்பெயின் ஓடுகிறது, கோல், 27-26, ஆட்டம் முடிந்தது. ஒரு கம்பத்தின் தடிமன்தான் வித்தியாசம். உள்ளே போயிருந்தால் அரை இறுதி, வெளியே வந்ததால் வீட்டுக்கு. அந்த எறியை ஜெர்மனி முழுக்கப் பார்த்தது, அடுத்த நாளும் பார்த்தது, அவரைப் பற்றி எந்த நிகழ்ச்சி வந்தாலும் இன்றைக்கும் போடுகிறார்கள். அவர் அதைப் பற்றிக் கேட்டால் ஒதுங்கிப் போவதில்லை, பேசுவார். மக்கள் ஒருவரை மெச்சுவதற்கும் தங்களில் ஒருவராக நினைப்பதற்கும் நடுவில் இருக்கிற தூரத்தை இந்த மாதிரி ஒரு தோல்விதான் கடக்க வைக்கிறது என்பது என் கணிப்பு.

2002 ஐரோப்பிய இறுதி, ஸ்டாக்ஹோம், எதிரே போட்டியை நடத்துகிற சுவீடன். கடைசி நொடிகளில் சுவீடன் சமன் செய்தது, ஜெர்மனி உடனே நடுவிலிருந்து பந்தை எடுத்து ஃப்ளோரியன் கேர்மான் காலி கோலில் போட்டார், நடுவர்கள் செல்லாது என்றார்கள். கூடுதல் நேரத்தில் 31-33, வெள்ளி. 2003 உலகக் கோப்பை இறுதி, லிஸ்பன், குரோஷியாவிடம் 31-34, வெள்ளி. 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக், கால் இறுதியில் மறுபடி ஸ்பெயின், இரண்டு கூடுதல் நேரம் தாண்டி 7 மீட்டர் எறி (கால்பந்தின் பெனால்டி மாதிரி) வரை போய் ஃப்ரிட்ஸ் சுவராக நிற்க 32-30 என்று ஜெயித்தார்கள், நாலு வருடக் கணக்கு அங்கே தீர்ந்தது. ஆனால் இறுதியில் மறுபடி குரோஷியா, மறுபடி அவர்களுடைய நட்சத்திரம் இவானோ பாலிச், 24-26. மூன்றாவது வெள்ளி.

இந்த மூன்று வெள்ளிக்கு நடுவே ஒரு தங்கம் இருக்கிறது. 2004 ஜனவரியில் ஸ்லோவேனியாவில் ஜெர்மனி ஐரோப்பியச் சாம்பியன் ஆனது. கிரெட்ஷ்மர் காயத்தில் வெளியே. இடது ஓரத்தில் டார்ஸ்டன் யான்சன் ஆடினார். ஏதென்ஸோடு கிரெட்ஷ்மர், ஃபோல்கர் செர்பே, கிளாவுஸ்-டீட்டர் பீட்டர்சன், கிறிஸ்டியான் ஷ்வார்ட்சர் என்று ஒரு தலைமுறையே தேசிய அணியிலிருந்து விடைபெற்றது. ஷ்வார்ட்சரை மட்டும் 2007 உலகக் கோப்பையின் நடுவில் பிராண்ட் திரும்பக் கூப்பிட்டார், அவர் வந்தார், தங்கம் வாங்கினார். கொலோனில் போலந்தை 29-24 என்று வீழ்த்திவிட்டு ஆட்டக்காரர்கள் எல்லாம் பிராண்டின் மீசை மாதிரி ஒட்டுமீசை வைத்துக்கொண்டு ஆடிய அந்த இரவை ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்டோர் தொலைக்காட்சியில் பார்த்தார்கள். ஜெர்மன் ஹேண்ட்பாலின் மிகப் பெரிய இரவு, அதன் மிகப் பிரபலமான முகம் அந்தப் படத்தில் இல்லை.

சரி, அந்த 2007 அணியில் எத்தனை பெயர் பொதுமக்கள் மனதில் நின்றது? ஆட்டம் பார்க்கிறவர்களுக்கு ஃப்ரிட்ஸ், ஹென்ஸ், கேர்மான் எல்லாம் தெரியும். மற்றவர்களுக்கு பிராண்டின் மீசைதான் நினைவு. பட்டம் வென்றால் புகழ் தானாக வரும் என்ற கணக்கு இங்கே உடைகிறது. இதே மாதிரி இன்னொன்றும் உண்டு: அடுத்த தலைமுறையின் பெரிய பெயர் ஊவே கென்ஸ்ஹைமர், அவரும் இடது ஓரம், கேப்டன், 2016-இல் ஜெர்மனி ஐரோப்பியச் சாம்பியன் ஆனபோது அவரும் காயத்தில் வெளியே. இறுதியில் ஸ்பெயினை 24-17 என்று நிறுத்தியது கோல்கீப்பர் அந்திரேயாஸ் வோல்ஃப்.

மஞ்சள் பத்திரிகையும் வாயும்

நீச்சல் வீராங்கனை ஃபிரான்சிஸ்கா ஃபான் அல்ம்சிக்கோடு அவர் சேர்ந்து இருந்த வருடங்களில் அவர் பெயர் விளையாட்டுப் பக்கத்திலிருந்து முதல் பக்கத்துக்குப் போனது. 14 வயதிலேயே ஒலிம்பிக் பதக்கம் வாங்கி, ஒன்றுபட்ட ஜெர்மனியின் செல்லப்பிள்ளை ஆனவர் அவர், அவரும் கிழக்கில் பிறந்தவர். இரண்டு பேரையும் படம் எடுக்காத பத்திரிகை இல்லை. இது புகழைப் பெருக்கியது என்பதில் சந்தேகமில்லை, ஆனால் ஆதாரம் இதுதான் என்று சொல்ல முடியாது. 1994-லேயே பெயர் எடுத்தவர், அந்த உறவு முடிந்து இருபது வருடம் ஆகியும் திரையில் இருக்கிறார்.

நிலைத்ததற்குக் காரணம் அவர் பேசுகிற விதம். விளையாட்டு வீரர்களிடம் ஆட்டம் முடிந்ததும் மைக்கை நீட்டினால் என்ன வரும் என்று நமக்கெல்லாம் தெரியும், அடுத்த ஆட்டத்தில் கவனம் செலுத்துவோம், அணிதான் முக்கியம், நன்றி. கிரெட்ஷ்மர் வாக்கியத்தை முழுதாக யோசித்து, கேட்டவரின் கண்ணைப் பார்த்து, பிடிக்காததைப் பிடிக்கவில்லை என்றே சொல்வார். ஓய்வுக்குப் பிறகு 2007 முதல் 2009 வரை மாக்டெபுர்க் அணியின் விளையாட்டு நிர்வாகி, அப்புறம் ஸ்போர்ட்1, ஸ்கை என்று தொலைக்காட்சி நிபுணர். சின்ன விளையாட்டைத் தொலைக்காட்சியில் விளக்குவது சுலபமில்லை, தெரிந்தவருக்குச் சலிக்கக் கூடாது, தெரியாதவர் சேனலை மாற்றக் கூடாது. அதை அவர் நன்றாகவே செய்தார்.

இதே வாய் 2019 ஜனவரியில் வேறு விதமாகத் திரும்பியது. உலகக் கோப்பை ஜெர்மனியிலும் டென்மார்க்கிலும் நடந்துகொண்டிருந்த நேரம். ஒரு பேட்டியில், விளையாட்டு வீரர்கள் ஏன் கருத்தே சொல்வதில்லை என்று கேட்டதற்கு, எல்லோரும் ஒத்துக்கொள்கிற கருத்தைச் சொன்னால் பிரச்சினை இல்லை, சமூகத்தையோ அரசையோ விமர்சித்துச் சொன்னால் சங்கத்திலிருந்தும் விளம்பரதாரர்களிடமிருந்தும் அடி விழும், அந்த அர்த்தத்தில் கருத்துச் சுதந்திரம் இல்லை என்கிற மாதிரிப் பேசினார். தீவிர வலதுசாரிகள் அதை உடனே தூக்கிக்கொண்டு போய்த் தங்கள் கொடியாக்கினார்கள். அவர் அதிர்ந்துபோனார், தனக்கும் அவர்களுக்கும் சம்பந்தமே இல்லை என்று வெளிப்படையாகச் சொன்னார். என் பார்வையில் அவர் கவனித்த விஷயத்தில் பாதி உண்மை இருந்தது, ஒப்பந்தங்களால் கட்டப்பட்ட வீரர்கள் வாயை மூடிக்கொள்கிறார்கள் என்பது உண்மை, ஆனால் அதைக் கருத்துச் சுதந்திரம் என்ற பெரிய வார்த்தையில் போட்டு அடைத்தது தவறு. வேறு எந்த ஹேண்ட்பால் ஆட்டக்காரர் இதைச் சொல்லியிருந்தாலும் உள்ளூர்ப் பத்திரிகையோடு முடிந்திருக்கும். கிரெட்ஷ்மர் சொன்னதால் நாடு முழுக்க விவாதம் ஆனது. விளையாட்டுக்கு ஒரே ஒரு முகம் இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு இது சரியான உதாரணம், நல்லதும் கெட்டதும் அந்த ஒரு தலையிலேயே விழும்.

பெர்லின், 2020 முதல் 2025 வரை

2020-இல் ஃப்யூக்ஸே பெர்லின் அணியின் விளையாட்டு நிர்வாகப் பொறுப்புக்கு வந்தார். மேலே சங்கத்தின் நிர்வாக இயக்குநர் பாப் ஹானிங், பயிற்சியாளர் இடத்தில் இளைஞர் யாரோன் சீவெர்ட், களத்தில் டென்மார்க்கின் மத்தியாஸ் கிட்செல் மாதிரி உலகத்தரம். 2023-இல் ஐரோப்பிய லீக் வென்றார்கள். 2025 ஜூனில், பருவத்தின் கடைசி நாள் வரை இழுத்துப்போய், மான்ஹைமில் ரைன்-நெக்கர் லோவனை வென்று பெர்லின் முதல் முறையாக ஜெர்மன் சாம்பியன் ஆனது.

ஒரு வாரம் கழித்துக் கொலோனில் சாம்பியன்ஸ் லீக் இறுதி. பெர்லினுக்கு எதிரே மாக்டெபுர்க். அந்த அணியின் பயிற்சியாளர் பென்னெட் வீகெர்ட், 2002-இல் கோப்பை வென்ற அதே அணியில் கிரெட்ஷ்மருக்கு அடுத்த இடது ஓரத்துப் பையனாக இருந்தவர். 32-26, கோப்பை மாக்டெபுர்க்குக்கு.

சாம்பியன் பட்டத்துக்கு மூன்று மாதம்கூட ஆகவில்லை, செப்டம்பர் தொடக்கத்தில் பெர்லின் சங்கம் சீவெர்ட்டையும் கிரெட்ஷ்மரையும் ஒரே நாளில் விட்டுப் பிரிந்தது, டென்மார்க்கின் நிக்கோலாய் கிரிக்காவ் பயிற்சியாளராக வந்தார். வரலாற்றில் முதல் பட்டம் வாங்கிக் கொடுத்த கூட்டணியை இவ்வளவு சீக்கிரம் கலைத்தது ரசிகர்களில் பலருக்கு ஜீரணிக்க முடியாத விஷயம். எனக்கும்தான். சங்கத்தின் உள்ளே என்ன வாக்குவாதம் இருந்திருந்தாலும், அந்தப் பட்டத்தில் அந்த இரண்டு பேரின் ஐந்து வருட உழைப்பு இருக்கிறது.

ஜெர்மன் ஹேண்ட்பாலுக்கு இன்று கூட்டத்துக்குக் குறைவில்லை. 2024 ஐரோப்பியப் போட்டியின் தொடக்க நாளில் டுசெல்டார்ஃப் கால்பந்து மைதானத்தில் 53,586 பேர் உட்கார்ந்து ஹேண்ட்பால் பார்த்தார்கள், உலகச் சாதனை. அதே வருடம் பாரீஸ் ஒலிம்பிக்கில் வெள்ளி. யூரி க்னோர், வோல்ஃப் என்று நல்ல ஆட்டக்காரர்கள், நல்ல பேச்சுக்காரர்கள்கூட இருக்கிறார்கள். ஆனாலும் ஒரு பெரிய ஆட்டத்துக்கு முந்தின நாள் ஹேண்ட்பால் பற்றிச் சொல்ல ஒருவரைத் தொலைக்காட்சிக்குக் கூப்பிட வேண்டும் என்றால், 1973-இல் பிறந்த அந்த மனிதரின் பெயர்தான் இன்னும் முதலில் வருகிறது. ஜெர்மன் ஹேண்ட்பாலை நடத்துகிறவர்கள் இதைப் பெருமையாக மட்டும் எடுத்துக்கொள்ளக் கூடாது. இருபது வருடமாக அந்த இடத்துக்கு இன்னொருவரை ஏன் வளர்க்க முடியவில்லை என்று அவர்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.